வாசகர் கேள்வி: கல்கியின் குந்தவை வேறு, இந்தக் குந்தவை வேறு

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் முடித்த கையோடு பாலகுமாரனின் ‘உடையார்’ எடுத்தேன். குந்தவையும் அருள்மொழியும் என் மனசில் இருப்பவர்களாக இல்லை. நூறு பக்கத்தில் நிறுத்திவிட்டேன். எப்படிப் படிப்பது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: முதலில் காலத்தைக் கணக்கிடுங்கள். கல்கியின் கதை ஓர் ஆடிப்பெருக்கில் தொடங்கிச் சில மாதங்களில் முடிகிறது. அப்போது குந்தவை, அருள்மொழியின் தந்தை சுந்தர சோழர் உயிரோடு இருக்கிறார். அருள்மொழி இராசராசன் என்ற பெயரில் பட்டமேறியது 985இல். ‘உடையார்’ தஞ்சைப் பெரிய கோயில் எழும் காலத்துக் கதை. அந்தப் பணி நிறைவேறியது 1010இல். இரண்டு கதைகளுக்கும் நடுவே முப்பது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இளவரசனை எதிர்பார்த்துப் போனால், பேரரசன் அந்நியனாகத்தான் தெரிவான். கல்கியின் உலகத்தை விட்டு வர மனமில்லை என்றால், அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’யை முதலில் படியுங்கள். அதற்கும் முன்னால் கல்கியின் முடிவுரையை ஒருமுறை பாருங்கள். பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கை பற்றி அவரே அங்கே கொஞ்சம் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: இருவர் எழுதியதும் முரண்பட்டால் யார் சொல்வது சரி?
– வாசகர், அரியலூர்

பதில்: (ஐந்தாம் பாகம் முடிக்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.) கல்கியை மூலமாக வைத்து மற்றவர்களை அளப்பதில்தான் சிக்கலே. அவரும் கல்வெட்டிலிருந்து கற்பனை செய்தவர்தான். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி மூவரும் அவர் படைப்பு. சேந்தன் அமுதன் உத்தம சோழனாவதும் அப்படியே. வரலாற்றில் உத்தம சோழன் செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை. ஆனால் சதிகாரன் ரவிதாசன் கற்பனையல்ல. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்கிறது. வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீரநாராயண ஏரி அந்த ஊர்ப்பக்கம்தான். போனால் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்!

ஒரு நோட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரித்து, கல்வெட்டு, கல்கி, இப்போது படிக்கும் ஆசிரியர் என்று தலைப்பிடுங்கள். எல்லாப் பாத்திரத்துக்கும் எழுத உட்கார்ந்தால் கதை நின்றுவிடும். முக்கியமான ஐந்தாறு பேர் போதும். ‘குந்தவை’க்கு முதல் கட்டத்தில் என்ன வரும் தெரியுமா? வல்லவரையர் வந்தியதேவரின் மாதேவி என்று தஞ்சைக் கல்வெட்டே சொல்கிறது. கோயிலுக்குக் கொடுத்தவற்றைப் பட்டியலிடச் சொல்லும் இராசராசன், ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்கிறான். தேவியருக்கும் முன்னால் அக்காள்! தம்பிமேல் அவளுக்கிருந்த பிடிப்பைக் கல்கி எழுதினார். பட்டியலின் அடுத்த சொல்லான ‘பெண்டுகள்’ பக்கம் போனவர் பாலகுமாரன். இராசராசனின் தேவியருள் ஒருத்தியான பஞ்சவன் மாதேவி அவர் நாவலில் பெரும் இடம் பிடிக்கிறாள். அவளுக்காக இராசராசனின் மகன் இராசேந்திரன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் (இறந்தவர் நினைவாக எழுப்புவது) பழையாறைப் பக்கம், பட்டீஸ்வரத்தருகே இன்றும் இருக்கிறது. மூன்றாம் கட்டத்தை நிரப்பும்போது, அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.