ட்ரவுட், ஃப்ளை தூண்டில், தீர்த்தன் ஆற்றுக் கோடை: கேள்வி பதில்

கோடை விடுமுறையில் நண்பர்களோடு இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போய் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

திருப்பூர்: ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. ஃப்ளை தூண்டில் என்பது அதிலிருந்து எப்படி வேறு?

குளத்தில் ஈயத்தின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே முள்ளில் கட்டிய ஃப்ளைக்கு, அதாவது பூச்சிபோல் செய்த போலி இரைக்கு, எடையே கிடையாது, இறகும் நூலும்தான். எடை முழுவதும் நரம்பிலேயே இருக்கிறது. 5ஆம் எண் ஃப்ளை நரம்பின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம். அந்த எடை கோலை வளைக்க, வளைந்த கோல் நரம்பை எறிய, ஃப்ளை பின்னாலேயே போகும். கோல், ரீல், நரம்பு மூன்றுக்கும் ஒரே எண் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 5ஆம் எண் கோலில் 3ஆம் எண் நரம்பைப் போட்டால் கோல் வளையாது, நரம்பும் பறக்காது.

கோவை: நாங்கள் நான்கு பேர், சார். என்னென்ன வாங்க வேண்டும்? ஆளுக்கொரு கோல் தேவையா?

இரண்டு கோல் போதும். உண்மையில் அதுதான் நல்லது. ஒருவர் எறியும்போது மற்றவர் கரையில் சற்று உயரமான பாறை மேல் உட்கார்ந்து மீனைப் பார்த்துச் சொல்லலாம். தண்ணீருக்குள் நிற்பவருக்குத் தெரியாத மீன் மேலேயிருந்து தெரியும். அரை மணிக்கொருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

கோல் 8½ அல்லது 9 அடி, 4 அல்லது 5ஆம் எண். நரம்பு மிதக்கும் வகை, முன்பாரம் உள்ளது. பெட்டியில் டபிள்யூஎஃப்5எஃப் என்று போட்டிருக்கும். அதன் நுனியில் 9 அடி லீடர். இது அடியில் தடித்து நுனியில் மெலியும் நைலான். நுனி 5எக்ஸ், அதாவது 0.15 மி.மீ. தேய்ந்த நுனிக்குப் பதில் கட்ட 4எக்ஸ், 5எக்ஸ் டிப்பெட் ஆளுக்கொரு சுருள். கூடவே சிறு கத்தரி, முள் எடுக்கும் குறடு, முடிச்சில்லாத ரப்பர் வலை, போலரைஸ்டு கண்ணாடி. கண்ணாடியும் தொப்பியும் அலங்காரத்துக்கு இல்லை. காற்றடிக்கும்போது முள் முகத்தை நோக்கித்தான் வரும்.

ரீலுக்குப் பணத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். இந்த அளவு மீனுக்கு அது நரம்பு சுற்றிவைக்கும் உருளை, அவ்வளவுதான். நரம்புக்குச் செலவழியுங்கள்.

சென்னை: மே மாதம் போகலாமா, ஜூனா?

மே. அதுவும் முதல் பாதி. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, ஜூனில் ஆறு பெருகிச் சாம்பல் நிறமாகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளம். செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர் முடியத் தண்ணீர் மறுபடி தெளியும். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய ட்ரவுட் முட்டையிடும் காலம் என்பதால் தடை.

ஜூனில்தான் விடுமுறை என்றால் காலையை நம்புங்கள். பகலில் உருகும் பனி கீழே வந்து சேரப் பிற்பகலாகும். விடிந்ததிலிருந்து 10 மணி வரை தண்ணீர் குறைவாகவும் தெளிவாகவும் இருக்கும். பெரிய ஆறு கலங்கினால் பக்க ஓடைகள் வந்து கலக்கும் இடத்துக்குப் போங்கள். தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சேரும் கோட்டில் மீன் நிற்கும்.

மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம். எத்தனை மீன், எந்த அளவு என்ற விதி அதிலேயே இருக்கும்; வாங்கிய கையோடு படித்துவிடுங்கள். ஆற்றின் மேல்பகுதி கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குள் போகிறது. அங்கே விதியே வேறு.

மதுரை: மைதானத்தில் பழகுகிறேன். பின்னால் வீசி முன்னால் எறியும்போது சாட்டை சொடுக்குவதுபோல் 'டப்' என்று சத்தம். ஃப்ளை பலமுறை அறுந்துபோகிறது.

முன்வீச்சை அவசரப்பட்டுத் தொடங்குகிறீர்கள். பின்னால் போன நரம்பு முழுதாக நீள்வதற்குள் இழுத்தால் நுனி திடீரெனத் திரும்பிச் சொடுக்கும். கோலைக் கடிகாரத்தின் 1 மணி நிலையில் சட்டென நிறுத்துங்கள், தலையைத் திருப்பி நரம்பைப் பாருங்கள், அது நேராகும் கணத்தில் முன்னால் கொண்டுவந்து 10 மணியில் மறுபடி சட்டென நிறுத்துங்கள். நரம்பு நீளமாக இருந்தால் நிறுத்தமும் நீளும். 'ஒன்று இரண்டு' என்று எண்ணிப் பழகியவர்கள் நரம்பின் நீளத்தை மாற்றியதும் தடுமாறுவார்கள், அதனால் எண்ணாதீர்கள்.

இன்னொன்று மணிக்கட்டு. அது பின்னால் மடங்கினால் கோல் 3 மணிக்குப் போய் நரம்பு புல்லில் விழும். கோலின் அடிமுனையைச் சட்டைக்கைக்குள் செருகிக்கொண்டு 10 நிமிடம் பழகுங்கள். மணிக்கட்டு தானே அடங்கும்.

மதுரை, மீண்டும்: அண்ணா, சத்தம் நின்றுவிட்டது. இப்போது லீடரில் தானாக முடிச்சு விழுகிறது!

முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழு பலத்தையும் போடுகிறீர்கள். கோல் நுனி தாழ்ந்து, மேலே வரும் நரம்பு கீழே போகும் நரம்பை வெட்டுகிறது. மெதுவாகத் தொடங்கி வேகத்தை ஏற்றி, கடைசியில் நிறுத்துங்கள். விழுந்த முடிச்சை அப்படியே விடக்கூடாது. டிப்பெட்டின் வலுவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

சேலம்: எவ்வளவு தூரம் எறியத் தெரிந்திருக்க வேண்டும்?

8 மீட்டர். தீர்த்தன் பாறையும் மடுவுமாக இறங்கும் ஆறு. 20 மீட்டர் எறிபவரைவிட 8 மீட்டருக்குள் சத்தமில்லாமல் போய் நிற்கத் தெரிந்தவருக்குத்தான் மீன் விழும்.

பெங்களூரு: ஆற்றைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் நுரைக்கிறது. மீன் எங்கே நிற்கும்?

ட்ரவுட்டுக்கு மூன்று தேவை. நீச்சலில் பலம் செலவாகாத மந்தமான நீர், பக்கத்திலேயே இரையைக் கொண்டுவரும் வேகமான நீர், ஒளிய ஓர் இடம். மூன்றும் சேரும் இடத்தைத் தேடுங்கள். பெரிய பாறைக்குப் பின்னால் என்பது எல்லோருக்கும் தெரியும். பாறைக்கு முன்னாலும் நீர் மோதித் திரும்பும் சிறு மெத்தை ஒன்று உண்டு. நல்ல மீன் பலமுறை அங்கேதான் நிற்கும். வேகநீரும் மந்தநீரும் உரசும் கோட்டில் நுரை வரிசையாக மிதந்து போவதைப் பாருங்கள். நுரை போகும் வழியே இரையும் போகிறது. கசத்தின் தலைப்பகுதி பகலில் நல்லது, வால்பகுதி மாலையில் நல்லது.

மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால் பின்பக்கத்திலிருந்து, அதாவது ஆற்றின் கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி நெருங்குங்கள். தண்ணீருக்கு வெளியே உள்ளதை மீன் சுமார் 97 பாகைக் கூம்பு வழியாகத்தான் பார்க்கிறது. குனிந்து போனால் அந்தக் கூம்பின் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடலாம். ஆனால் கால் பட்டு உருளும் கல்லின் அதிர்வை மறைக்க வழியில்லை.

திருச்சி: மீன் ஃப்ளையின் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. ஃப்ளையை மாற்ற வேண்டுமா?

முதலில் ஃப்ளையைச் சந்தேகிக்காதீர்கள், அது மிதக்கும் விதத்தைச் சந்தேகியுங்கள். உங்களுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வேகமான நீர் ஓடினால் அது நரம்பை வளைத்து ஃப்ளையை இழுக்கும். உயிருள்ள பூச்சி அப்படிக் கோடு கிழித்துக்கொண்டு போகாது; மீன் அதைக் கண்டுபிடித்துவிடும். நரம்பு தண்ணீரில் விழுந்ததும் கோல் நுனியால் அரைவட்டம் போட்டு, நரம்பின் வயிற்றை மேல்நோக்கித் தூக்கி வையுங்கள். இதுவும் போதாவிட்டால் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். நிற்கும் இடம் மாறினாலே பாதிச் சிக்கல் தீரும். அதன் பிறகும் மறுத்தால் ஓர் அளவு சிறிய ஃப்ளை. நிறத்தை மாற்றுவது கடைசி.

ஈரோடு: எந்தெந்த ஃப்ளை?

மேலே மிதக்க பேரஷூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், இரண்டும் 14, 16 அளவில் (எண் கூடக்கூட முள் சிறியது). அடியில் போக ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர், 12 முதல் 16 வரை, தலையில் மணி வைத்தவை. கலங்கிய நீருக்கு 8 அல்லது 10 அளவில் கறுப்பு வூலி பக்கர். வகைக்கு ஆறு போதும்.

ட்ரவுட் பெரும்பாலும் அடியிலேயே தின்கிறது. நீர்ப்பரப்பில் வளையம் தெரியாத நேரத்தில் அடி ஃப்ளையைக் கட்டி, ஆழத்தின் ஒன்றரை மடங்கு மேலே ஒரு சிறு தக்கை வையுங்கள். அவ்வப்போது அடிக்கல்லில் தட்ட வேண்டும். ஒருமுறைகூடத் தட்டாவிட்டால் ஃப்ளை மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

புதுச்சேரி: மீன் கவ்வியதும் முடிச்சே கழன்றுவிட்டது.

எச்சில் தொட்டு இறுக்கவில்லை. உலர்ந்த நைலானை இறுக்கினால் உராய்வின் சூட்டில் வலு போய்விடும். ஃப்ளையைக் கட்டும் கிளிஞ்ச் முடிச்சுக்கு ஐந்து சுற்று, ஈரப்படுத்தி மெதுவாக இழுத்து, மிச்சத்தை ஒட்ட வெட்டுங்கள். டிப்பெட்டை லீடரோடு சேர்க்க சர்ஜன் முடிச்சு, இருட்டிலும் போடலாம்.

கோவை, மீண்டும்: எங்களில் இருவருக்குத் தூண்டிலில் ஆர்வமே இல்லை. அவர்கள் நாள் முழுக்க என்ன செய்வார்கள்?

கல் புரட்டச் சொல்லுங்கள். முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லை எடுத்துத் திருப்பினால் தட்டையான மேஃப்ளைப் பூச்சிக் குஞ்சுகள், மணலை ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ் பூச்சிப் புழுக்கள் இருக்கும். எது அதிகம், என்ன நிறம் என்று பார்த்து வந்து சொன்னால் உங்கள் ஃப்ளை பெட்டியில் எதை எடுப்பது என்பது முடிவாகிவிடும். கல்லை எடுத்த பக்கமே திருப்பி வையுங்கள். குளிப்பவர்கள் உங்களுக்குக் கீழே குளிக்கட்டும். மேலே குளித்தால் கலங்கல் உங்களிடம்தான் வரும். சாயங்காலம் புல்வெளியில் சாப்பாட்டுத் தட்டுகளை 5, 8, 12 மீட்டரில் வைத்து, முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி எறியும் போட்டி நடத்துங்கள். தூண்டில் வேண்டாம் என்றவர்தான் அதில் வழக்கமாக ஜெயிப்பார்.

நாகர்கோவில்: பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

ஆற்றில் பிடித்ததை விட்டுவிட்டு, பள்ளத்தாக்கின் பண்ணைகளில் வளர்க்கும் ரெயின்போ ட்ரவுட்டை வாங்கிச் சாப்பிடுங்கள். ஆற்றில் இருப்பது பெரும்பாலும் பிரவுன் ட்ரவுட். குளிர்நீரில் மெதுவாக வளர்வது. 300 கிராம் பண்ணை மீனுக்குச் செதில் சுரண்ட வேண்டாம். குடலை எடுத்தபின் முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்பு ரத்தக்கோட்டைக் கரண்டிக் காம்பால் வழித்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். உப்பு, மஞ்சள், மிளகு, நெய். பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். வஞ்சிரத்துக்குப் போடும் மசாலாவை இதற்குப் போட்டால் மசாலாதான் மிஞ்சும்.

விடும் மீனுக்கு: முள்ளின் எதிர்க்கூரை முதலிலேயே குறடால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், படம் எடுப்பதானாலும் தண்ணீரை விட்டு வெளியே சில நொடிதான். நீரோட்டத்தை எதிர்த்துப் பிடித்திருந்து, தானே உதறிப் போகும்போது விடுங்கள். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றைக்குத் தூண்டிலைச் சுற்றிவைப்பதே முறை. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு. போராடிய மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துவிடும்.

வேலூர்: ஆற்றில் இறங்குவது ஆபத்தா?

முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். பாசிப் பாறைக்கு ஃபெல்ட் அடி வைத்த காலணியும் ஒரு ஊன்றுகோலும் வேண்டும். ஒரு காலை ஊன்றிய பிறகே மறு காலை எடுங்கள். கரைக் கல்லில் நீர்மட்டத்தை ஒட்டி ஓர் அடையாளம் வைத்துவிட்டு இறங்குங்கள். அது மூழ்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ கேள்வி கேட்காமல் கரையேறுங்கள். தீர்த்தன் லார்ஜியில் பியாஸ் ஆற்றோடு சேர்கிறது. அங்கே உள்ள அணைக்குக் கீழே இறங்கவே வேண்டாம். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், தலோட் அருகே பியாஸில் நின்றிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது.

யாழ்ப்பாணம்: இவ்வளவு தூரம் போவானேன்? நுவரெலியாவிலும் நீலகிரியிலும் ட்ரவுட் உண்டல்லவா?

உண்டு. நீலகிரி அவலாஞ்சியில் எச்.சி. வில்சன் 1907இல் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார். ரெயின்போ ட்ரவுட் அங்கே தானாகவே பெருகியது. ஆனால் அந்த ஓடைகள் பெரும்பாலும் வனத்துறை எல்லைக்குள், சில முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள். எழுத்து அனுமதி இல்லாமல் கோலோடு நுழைந்தால் வழக்குதான். நுவரெலியாவுக்கும் இதையே சொல்வேன்: எந்த ஓடைக்கு யார் அனுமதி தருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

தஞ்சாவூர்: மே வருவதற்குள் இங்கேயே பழக வழி இருக்கிறதா?

ஜிலேபி மீன் இருக்கும் குளம் எதுவும் போதும். 12 அல்லது 14 அளவு ஃபெசன்ட் டெயிலைக் கரையோரக் களைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு, அடிக்கு இறங்கவிட்டு, விரற்கடை அளவாக இழுங்கள். நரம்பு நுனி நகர்ந்ததும் கோலை மெல்லத் தூக்குங்கள். வெடுக்கென இழுத்தால் முள் வாயிலிருந்து வழுக்கிவிடும். டிப்பெட் 4எக்ஸ் போடுங்கள். ஜிலேபியின் முதுகுத்துடுப்பு முள் கையைக் கிழிக்கும், தலையிலிருந்து வாலை நோக்கி அமுக்கிப் பிடியுங்கள்.