கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமா? வாலெட்டாவில் ஒரு பகல்

கேள்வி: அக்டோபரில் நான், மனைவி, 71 வயது அம்மா மூவரும் மத்தியதரைக்கடல் சொகுசுக் கப்பலில் போகிறோம். மால்டாவின் வாலெட்டாவில் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கப்பல் கிளம்பும். "தனியாக இறங்கிப் போனால் நேரத்துக்குத் திரும்ப முடியாது, கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்" என்கிறார் எங்கள் டிராவல் ஏஜெண்ட். நபருக்கு 85 யூரோ என்று ஒரு நாள் சுற்றுலாவை எடுக்கச் சொல்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. நாங்கள் சைவம். எடுக்கலாமா? – வாசகர், கோவை.

பதில்: எடுக்க வேண்டாம். முதலில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவா, நீங்கள் வெளியே ஏற்பாடு செய்வதா?"

கப்பல் நிறுவனம் தானே விற்ற சுற்றுலாவின் பேருந்து எங்காவது மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனாலும் உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஏஜெண்ட் வெளியே பிடித்துத் தரும் வேனுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. வேன் போக்குவரத்து நெரிசலில் நின்றால், கப்பலின் கணக்கில் நீங்கள் தனியாகப் போனவர்கள்தான். எந்தப் பயத்தைக் காட்டி விற்கிறாரோ அந்தப் பயத்துக்கு அவர் விற்கும் பொருளில் மருந்தே இல்லை. இதை நான் வெளியாளாகச் சொல்லவில்லை. பதினோரு வருடம் கப்பலில் கரைச் சுற்றுலா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் விற்றவன். "கப்பல் விட்டுவிடும்" என்ற ஒரு வரிக்கு எவ்வளவு விலை என்று எனக்குத் தெரியும்.

இனி வாலெட்டா. மத்தியதரைக்கடலில் கப்பல் பயணிக்கு இவ்வளவு வசதியான ஊர் அபூர்வம். 1565இல் துருக்கியரின் பெரும் முற்றுகையைத் தாக்குப்பிடித்த செயின்ட் ஜான் வீரத்துறவிகள் (அப்போது மால்டாவை ஆண்ட கிறிஸ்தவச் சபையினர்), அடுத்த வருடமே ஒரு மொட்டைப் பாறை மேட்டின் மேல் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அது. சுற்றிக் கோட்டைச் சுவர், மூன்று பக்கமும் கடல். மொத்த நீளமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். உங்கள் கப்பல் நிற்கப்போவது அந்த மேட்டின் காலடியில். 1752இல் கட்டிய பழைய கிடங்குகள் வரிசையாக இருக்கும் பின்டோ துறையில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் ஊர் தலைக்கு மேலே தெரியும்.

தலைக்கு மேலே என்பதுதான் அம்மாவின் முழங்காலுக்குச் சிக்கல், அதற்கும் வழி இருக்கிறது. துறையை ஒட்டியே சமதளத்தில் பத்து நிமிடம் நடந்தால் பராக்கா லிஃப்ட் வரும். 58 மீட்டர் உயரம். அரை நிமிடத்துக்குள் மேலே பூங்காவில் விட்டுவிடும். கட்டணம் ஒரு யூரோ அளவுதான். 1905 முதல் 1973 வரை அதே இடத்தில் ஒரு லிஃப்ட் இருந்தது. அதை மூடி, இடித்து, ஏறக்குறைய நாற்பது வருடம் மக்களைப் படியேற விட்டுவிட்டு, 2012இல்தான் புதியதைத் திறந்தார்கள். அரசாங்கங்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

லிஃப்டுக்குப் போகும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உங்களை மறிப்பார்கள். "லிஃப்டில் ஒரு மணி நேரம் கியூ, அம்மாவால் நிற்க முடியாது, வாருங்கள்" என்று கார்க்காரர் ஒருவர், குதிரை வண்டிக்காரர் ஒருவர், மாடிப் பேருந்துக்கு டிக்கெட் நீட்டும் பையன் ஒருவன். கப்பலில் மூவாயிரம் பேர் இருந்தால் எட்டரை மணிக்குக் கியூ இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்பதேகால் வரை கப்பலிலேயே நிதானமாகக் காலை உணவு சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள், முண்டியடித்த கூட்டம் கலைந்திருக்கும். குதிரை வண்டியில் ஏறியே ஆகவேண்டும் என்று ஆசை இருந்தால், விலை தலைக்கா வண்டிக்கா, திரும்பக் கொண்டுவிடுவதும் சேர்த்தா என்று ஏறும் முன்பே கேளுங்கள். இறங்கும்போது கேட்டால் விடை வேறாக இருக்கும்.

மாடிப் பேருந்தை மட்டும் தொடவே வேண்டாம். எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், ஏறலாம் என்பார்கள். மால்டா சின்னத் தீவு, கார்களோ ஏராளம். ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் போக்குவரத்து நெரிசல்தான் தீர்மானிக்கும். இறங்கிய இடத்தில் அடுத்த பேருந்து நிரம்பி வந்தால் அதற்கடுத்ததற்கு வெயிலில் நிற்க வேண்டும். கப்பலைத் தவறவிடப் பார்த்தவர்களில் நான் அதிகம் கண்டது இந்த ரகம்தான். ஊருக்குள் நடந்து போனவர்கள் மதியமே திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஏஜெண்டின் திட்டத்தில் பழைய தலைநகர் எம்தினா, நீலக் குகை, துறைமுகத்தின் எதிர்க்கரையில் 'மூன்று நகரங்கள்' எனப்படும் ஊர்கள், கூடவே ஹைப்போஜியம் என்று வரிசையாகப் போட்டிருப்பார், பார்க்காமலே சொல்கிறேன். ஹைப்போஜியம் ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய நிலத்தடிக் கல்லறைக் கோயில். மூச்சுக்காற்றின் ஈரம் பட்டால் சுவர் கெடும் என்று ஒரு மணிக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு எண்பது பேர் என்ற கணக்கில்தான் விடுகிறார்கள். வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். "பார்ப்போம்" என்று அச்சடித்திருந்தால் தேதியும் மணியும் போட்ட டிக்கெட்டைக் கேளுங்கள். சட்டென்று பேச்சை மாற்றுவார்.

நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றே இடம்.

முதலில் செயின்ட் ஜான் இணைப் பேராலயம். லிஃப்ட் விடும் பூங்காவிலிருந்து ஏழெட்டு நிமிட நடை. வெளியே இருந்து பார்த்தால் கோட்டைச் சுவர் போல மொட்டையாக இருக்கும். உள்ளே நுழைந்தால் ஒரு அங்குலம் வெறுமையாக விட்டிருக்க மாட்டார்கள். தரையே கல்லறை: நிறநிறப் பளிங்கில் எலும்புக்கூடுகளும் குலச்சின்னங்களும் பதித்த நானூறு கற்பலகைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வீரத்துறவி. கூர்முனைக் குதிகால் செருப்போடு விடமாட்டார்கள், பளிங்கு கெடும். தோளும் தொடையும் மூடியிருக்க வேண்டும். சேலையோ சுடிதாரோ பிரச்சினையே இல்லை.

பக்கத்து அறையில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியம். 1608இல் வரைந்தது, திருமுழுக்கு யோவானின் தலையைக் கொய்யும் காட்சி. அவர் வரைந்ததிலேயே மிகப் பெரியது இதுதான், கையெழுத்துப் போட்டதும் இது ஒன்றில்தான். அந்தக் கையெழுத்தை யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே போட்டிருக்கிறார். ரோமில் கொலை செய்துவிட்டு ஓடிவந்த ஆள். அந்த வருடம் ஜூலையில் இங்கே வீரத்துறவி ஆக்கினார்கள், பிறகு அடிதடியில் சிறைக்குப் போய்த் தப்பியோடினார். டிசம்பரில், இந்த ஓவியம் தொங்கிய இதே அறையில் கூடி, அழுகிய உறுப்பு என்று சொல்லி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். அம்மா இந்த அறையில் கொஞ்ச நேரம் உட்காரட்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவதில்லை, வழிபாடு மட்டும்தான். உங்கள் தேதி என்ன கிழமை என்று இன்றே பாருங்கள். ஞாயிறாக இருந்தால் இதற்குப் பதில் வீரத்துறவிகளின் தலைவர் இருந்த கிராண்ட்மாஸ்டர் அரண்மனை. டிக்கெட்டைப் பேராலயத்தின் வாசலில் அல்லது அவர்களுடைய சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். "வரிசையில் நிற்காத டிக்கெட்" என்று இரண்டு மடங்குக்கு விற்பவர்களும் உங்களை அதே வாசலுக்குத்தான் கூட்டி வருவார்கள்.

பேராலயம் முடிந்ததும் பதினொன்றே முக்காலுக்குள் மறுபடி மேல் பராக்கா பூங்காவுக்கு வந்துவிடுங்கள். பன்னிரண்டு மணிக்குக் கீழ்த்தளத்தில் பீரங்கி வெடிப்பார்கள். மறுபடி மாலை நான்கு மணிக்கும் உண்டு. கீழே இறங்கிப் பார்க்கத்தான் கட்டணம், மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்க்கக் காசு கிடையாது. கிராண்ட் ஹார்பர் முழுவதும் கண் முன்னே விரியும். உங்கள் கப்பலும் பொம்மை போலக் கீழே தெரியும். அது எங்கே போய்விடும் என்று இனி நீங்களே சொல்லுங்கள்.

சாப்பாடு. ஊரின் நொறுக்குத்தீனி பாஸ்திட்சி, நம் பஃப்ஸுக்கு அண்ணன் முறை. ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்தது, பட்டாணி வைத்தது என்று இரண்டு வகை. இரண்டும் சைவம் என்று இணையத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய முறையில் மாவைப் பன்றிக் கொழுப்பு தடவித்தான் மடிப்பார்கள். இப்போது பல கடைகளில் மார்கரின்தான், இருந்தாலும் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி, கேட்பதில் சிரமம் இல்லை. உள்ளூர் ரொட்டி சாண்ட்விச்சில் சூரை மீன் சொல்லாமலே வரும், அதையும் கேளுங்கள்.

அம்மாவுக்காக ஒன்று. ரிபப்ளிக் தெருவும் அதற்கு இணையான மெர்ச்சண்ட்ஸ் தெருவும் மேட்டின் முதுகில் போகின்றன, நடக்கலாம். குறுக்குத் தெருக்கள் இரண்டு பக்கமும் கடலை நோக்கிச் சரியும், பாதி தெருக்கள் வெறும் படிக்கட்டு. படம் எடுக்க நன்றாக இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள், திரும்ப ஏறுவது அவர்தான். தெருக்கோடியில் இருக்கும் செயின்ட் எல்மோ கோட்டையையும் இந்த முறை விட்டுவிடலாம்.

மூன்றாவது, கடலின் எதிர்க்கரை. லிஃப்டில் கீழே இறங்கினால் பக்கத்திலேயே படகுத்துறை, மூன்று நகரங்களுக்கு அரை மணிக்கொரு படகு. சில நிமிடத்தில் அக்கரை. 1565 முற்றுகையில் வீரத்துறவிகளின் தலைமையிடமாக இருந்து தாக்குப்பிடித்தது அந்த மூன்றில் ஒன்றான பிர்குதான், வாலெட்டா அப்போது பிறக்கவே இல்லை. கரையோரம் சமதளமாக நடந்து, ஒரு காபி குடித்து, நான்கரைக்குள் திரும்பிவிடுங்கள். டிக்கெட், லிஃப்ட், படகு எல்லாம் சேர்ந்து மூவருக்கும் நூறு யூரோவைத் தொடாது. ஏஜெண்ட் கேட்டது 255.

சரி, அவர் சொல்வது எங்கேயாவது உண்மையா? ஒரு இடத்தில் உண்மை. இதை மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பயணத் திட்டத்தில் "ரோம்" என்று போட்டிருக்கும். ரோமில் எந்தச் சொகுசுக் கப்பலும் நிற்காது. நிற்பது சிவிட்டாவெக்கியா, ரோமுக்கு ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். "ஃப்ளோரன்ஸ்" என்று போட்டிருந்தால் லிவோர்னோ, அதுவும் அவ்வளவு தூரம். துறைமுக வாசலுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ரயில் நிலையம், பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில், திரும்ப அதே பாடு. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். வேலைநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரைதான் பயணிகளுக்காகச் சில ரயில்கள் ஓடியே தீர வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கப்பல் மாலை ஆறுக்கோ ஏழுக்கோ கிளம்பும், நீங்கள் திரும்ப வேண்டியது மதியம் மூன்றுக்கு. அந்த நேரத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே இந்த மாதிரி ஊர்களில், வயதானவர் கூட இருந்தால், கப்பல் விற்கும் சுற்றுலாவையே காசைப் பார்க்காமல் எடுங்கள். கப்பல் விற்பதை, ஏஜெண்ட் விற்பதை அல்ல. துறைமுகத்தின் பெயர் எது, ஊரின் பெயர் எது என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

நேரத்தைப் பற்றி. கப்பல் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏறும் கடைசி நேரம் பெரும்பாலும் ஐந்தரை. முந்தின இரவு அறைக்கு வரும் தாளில் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கும். அதில் போட்டிருப்பது கப்பல் நேரம், அதாவது கப்பலின் கடிகாரம் காட்டும் நேரம். துனிசியாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மால்டாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். துனிசிலிருந்து வந்த ஒரு பயணத்தில் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்த தம்பதி, கப்பல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே அதைத் தவறவிட்டார்கள். இருநூறு மீட்டர் கூட இருக்காது.

அப்புறம் விசா. நீங்கள் கேட்கவில்லை, ஏஜெண்டும் சொல்லியிருக்க மாட்டார். கப்பல் நடுவில் துனிசியா, துருக்கி என்று ஷெங்கனுக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) வெளியே போய்த் திரும்பினால், ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதாது, பலமுறை நுழைவு வேண்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்தாலும், தூதரகத்தில் எந்தக் காரணமும் சொல்லாமல் ஒற்றை நுழைவு ஒட்டி அனுப்பிவிடுவதும் உண்டு. கப்பல் டிக்கெட், பாதை, தேதி எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கும், இருந்தும் படிப்பதில்லை. 90 யூரோ கட்டணம், மறுத்தால் திரும்பாது. அதற்கு மேல் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கித் தருகிறேன் என்று தனியாகப் பணம் பிடுங்கும் கூட்டம் வேறு. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கவுண்டரிலேயே விசாவைப் பிரித்துப் பாருங்கள்.

மாலையில் ஐந்தரைக்கே மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். கப்பல் வெளியேறும்போது வாலெட்டா இடது பக்கம் வரும், நீங்கள் நின்ற பூங்காவின் வளைவுகள் மாலை வெயிலில் தெரியும். கூட்டம் சேரும் முன்பே அந்தப் பக்கம் அம்மாவுக்கு ஒரு நாற்காலி பிடித்துவையுங்கள்.