குறட்டைக்கு எந்த டாக்டர்?

என் கணவருக்கு 52 வயது. குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. இருபது எண்ணுவதற்குள் திணறிக்கொண்டு மூச்சை இழுக்கிறார். யாரிடம் காட்டுவது?
– வாசகி, திண்டுக்கல்

சத்தம் நிற்கிற அந்த இடைவெளிதான் கவலைக்குரியது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து காற்றுவழியை அடைத்துவிடுகிறது. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். மூளை அரைகுறையாக விழித்து மூச்சை இழுக்க வைக்கும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. எனவே நீங்கள்தான் சாட்சி. இரண்டு நிமிட வீடியோ எடுத்துவையுங்கள். தையல் டேப்பால் கழுத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 40 செ.மீ.யைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

நுரையீரல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் இருவரில் யாரிடமும் போகலாம். இருவருமே ஸ்லீப் ஸ்டடிதான் எழுதித் தருவார்கள். தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனை அது. வீட்டிலேயே செய்வதென்றால் மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் கிளிப், அவ்வளவுதான். நடுராத்திரியில் கிளிப் கழன்றால் அந்த இரவே வீண். விரலோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். குறைந்தது 10 விநாடிக்கு மூச்சு நின்றதும் குறைந்ததும் மணிக்கு எத்தனை முறை என்ற கணக்கு அது. 5க்குக் கீழ் இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. வீட்டுக் கருவி பெரும்பாலும் விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்தே வகுக்கும் என்பதால் எண் குறைவாக வரலாம். 'நார்மல்' என்று வந்தும் பகலில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தால், ஆஸ்பத்திரியில் ஒரு இரவு தங்கிச் செய்யும் பரிசோதனையைக் கேளுங்கள்.

சிபேப் மெஷின் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. காற்று கண்ணில் அடிக்கிறது, வாய் காய்கிறது. அலமாரியில் வைத்துவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். தூக்கத்தில் தொண்டை அடைபடாமல் மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்புவதுதான் சிபேப். தொல்லை பெரும்பாலும் அந்த மாஸ்க்கில்தான் இருக்கும். காற்று கசிந்தால் எல்லோரும் வாரை இறுக்குகிறார்கள். இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் கசியும். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, வார்களைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்கள். விளிம்பு காற்றில் உப்பித் தானே உட்காரும். பிறகு சிறிது சிறிதாக இறுக்கினால் போதும். முகத்து எண்ணெயும் வழுக்கும். படுக்குமுன் முகத்தையும், தினமும் விளிம்பையும் சோப்பு நீரில் கழுவுங்கள். அடர்ந்த மீசைக்காரர்களுக்கு மூக்குத்துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய மாஸ்க் தோதுப்படும்.

வாய் காய்ந்தால் தூக்கத்தில் வாய் திறக்கிறது என்று பொருள். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். இல்லையென்றால் ஈரப்பதத்தைக் கூட்டிப் பாருங்கள்; அதற்கும் கேட்காவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க். ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரிலும் உப்பு போகாது, வெள்ளையாகப் படியும். ஏ.சி. அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக் களகளவென்று சத்தம் கேட்டால், மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்து, குழாய்க்குத் துணி சுற்றுங்கள்.

பகலில் டி.வி. பார்க்கும்போது இருபது நிமிடம் போட்டுப் பழகுங்கள். கழற்றாமல் விடியும்வரை போடுவதே நல்லது. பலருக்கு மூச்சுத்தடை விடியற்காலைத் தூக்கத்தில்தான் அதிகம்.

தெரிந்தவர் பழைய மெஷினைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

ஸ்லீப் ஸ்டடி முடிந்து, டாக்டர் அழுத்த அளவு எழுதித் தந்த பிறகு யோசியுங்கள். மெஷினில் இப்போது இருப்பது பழைய சொந்தக்காரருடைய அளவு. மாஸ்க், குழாய், ஃபில்டர் மூன்றும் புதிதாகவே வாங்க வேண்டும். பிலிப்ஸ் மெஷின் என்றால் சீரியல் நம்பரைக் கொடுத்து விசாரியுங்கள். சத்தம் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் சிதைந்து காற்றில் கலக்கும் ஆபத்தால், 2021 ஜூனில் அந்த நிறுவனம் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

மெஷின் இல்லாமல் வேறு வழியே இல்லையா?
– வாசகி, கோவை

லேசு, நடுத்தரம் என்றால் உண்டு. கீழ்த்தாடையை முன்னே இழுத்து நிறுத்தும் கருவியைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார். பிடிக்க உறுதியான பற்கள் வேண்டும். செட் பல்லில் நிற்காது. முதல் வாரங்களில் தாடை வலிக்கும், வருடக்கணக்கில் மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம் மாறவும் கூடும். மல்லாந்தால் மட்டும் மூச்சு அடைபடுகிறவர்கள் பனியன் முதுகில் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளலாம். உடம்பு தானே ஒருக்களிக்கும். உடல் பருமனோடு நடுத்தர, கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. இரவில் மதுவும், டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் கூடாது. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும்.

அண்ணத்தில் லேசர், ஆபரேஷன் என்று விளம்பரம் பார்த்தால் அவசரப்படாதீர்கள். சத்தம் போய், மூச்சு நிற்பது மட்டும் தொடரலாம். எந்த வைத்தியம் செய்தாலும் சில மாதம் கழித்து இன்னொரு ஸ்லீப் ஸ்டடி எடுத்து, பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.