அசோகர் கல்வெட்டில் ஓர் அதிகாரிக்கு என்ன இருக்கிறது? - கேள்வி பதில்

அசோகர் கல்வெட்டுகள் பற்றிக் கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, இப்போதுதான் வருவாய்த் துறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பரீட்சைக்குப் படித்தபோது அசோகர் என்றால் மரம் நட்டார், கிணறு வெட்டினார், அதோடு சரி. என்னைப் போன்ற ஓர் அலுவலருக்கு அவர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

பதில்: நேராக அதிகாரிகளுக்கே எழுதியிருக்கிறார் தம்பி. ஒடிசாவில் புவனேசுவரம் பக்கத்தில் தவுலி, கஞ்சம் மாவட்டத்தில் ஜௌகடா, இந்த இரண்டு பாறைகளிலும் கலிங்கத்தை நிர்வகித்த மகாமாத்திரர்கள் என்ற உயர் அதிகாரிகளுக்கென்று தனிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. "எல்லா மனிதரும் என் பிள்ளைகள்" என்ற வரியைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். அதற்குப் பின்னால் வருவதைப் படியுங்கள். நிர்வாகத்தில் ஒருவன் காரணமில்லாமல் சிறைப்படுகிறான், அவனால் இன்னும் பலர் துன்பப்படுகிறார்கள், அதனால் நீங்கள் நடுநிலையோடு இருக்கப் பாருங்கள், ஆனால் பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், அலுப்பு இவை இருந்தால் அது உங்களால் முடியாது என்கிறார். பட்டியலில் லஞ்சம் இல்லை, கவனித்தீர்களா? கை சுத்தமான அதிகாரியும் சாயங்காலம் நாலு மணிக்கு அலுத்துப்போய் "நாளைக்கு வாங்க" என்று ஒரு கிழவியைத் திருப்பி அனுப்பினால், பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்த அவளுக்கு அது அநியாயம்தான். நேர்மை இருந்தால் போதும் என்று நினைக்கும் இளம் அலுவலர்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

எழுதிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பூச நாளிலும் இதை வாசிக்க வேண்டும், இடையில் ஒரே ஓர் ஆள் கேட்க வந்தாலும் வாசிக்கலாம் என்றார். சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க, கடுமையில்லாத ஒரு மகாமாத்திரரை 5 ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பப்போவதாகவும், உஜ்ஜயினியிலிருந்தும் தட்சசீலத்திலிருந்தும் 3 ஆண்டுக்கு மேல் போகாமல் அனுப்ப வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: லட்சம் பேரைக் கொன்றுவிட்டு அப்புறம் தர்மம் பேசியவரிடம் நாம் என்ன கற்றுக்கொள்வது?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கணக்கே அவர் கொடுத்ததுதான். முடிசூடி 8 ஆண்டு ஆனபின் நடந்த கலிங்கப் போரில் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதைவிடப் பல மடங்கு பேர் மடிந்தார்கள் என்று 13ஆம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. ஜெயித்த அரசன் தன் வெற்றியை இப்படிக் கல்லில் வெட்டிவைப்பது உலக வரலாற்றிலேயே அபூர்வம். ஆனால் அவரை முழுசாக விடுவிக்க எனக்கும் மனம் வரவில்லை. கலிங்கத்தைத் திருப்பிக் கொடுத்ததாக எந்தக் கல்வெட்டிலும் இல்லை. காட்டுவாசிகளுக்கு, வருந்தினாலும் தண்டிக்கும் பலம் எனக்கு இருக்கிறது என்று அதே கல்வெட்டில் எச்சரிக்கை விடுகிறார். ஒரே கல்வெட்டு வரிசையைப் பல ஊர்ப் பாறைகளில் வெட்டிவைத்தவர் அவர், ஆனால் தவுலியிலும் ஜௌகடாவிலும் இந்த 13ஆம் கல்வெட்டு வெட்டப்படவே இல்லை, அடிபட்ட ஜனங்களின் ஊரிலேயே அந்த வருத்தம் இல்லை! அதையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

கேள்வி: ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டில் செய்தாரா?

பதில்: முதல் பாறைக் கல்வெட்டைப் பாருங்கள் அம்மா. என் மடைப்பள்ளியில் முன்பு தினம் பல லட்சம் உயிர்களைக் குழம்புக்காகக் கொன்றார்கள், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும்தான், மான்கூட எப்போதும் இல்லை, இனி இவையும் கொல்லப்படா என்கிறார். எல்லாம் விட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? மிச்சம் இருந்ததையும் சொன்னார் பாருங்கள், அதனால்தான் அவர் பேச்சை நான் நம்புகிறேன். 6ஆம் கல்வெட்டில், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அந்தப்புரத்தில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும் மக்கள் காரியத்தை எனக்கு உடனே தெரிவியுங்கள், என் உழைப்பில் எனக்குத் திருப்தியே இல்லை, உயிர்களுக்குப் பட்ட கடனைத் தீர்க்கத்தான் இதைச் செய்கிறேன் என்கிறார்.

கேள்வி: மரண தண்டனையை ஒழித்தாரா?

பதில்: இல்லை. தண்டனை உறுதியானவர்களுக்கு 3 நாள் அவகாசம் கொடுத்தார், உறவினர் மன்றாடிப் பார்க்க. 4ஆம் தூண் கல்வெட்டில் இருக்கிறது.

கேள்வி: நம் பக்கம் பற்றி ஏதாவது?

பதில்: 2ஆம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர் (அதியமான் மரபினர்), கேரளபுத்திரர் (சேரர்), தாமிரபரணி (இலங்கை) வரை மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ததாகவும், மூலிகை இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோய் நட்டதாகவும் வருகிறது. இவை அவர் ஆட்சிக்கு வெளியே இருந்த நாடுகள்.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மதச் சண்டை தாங்கவில்லை. அதற்கும் அவரிடம் பதில் உண்டா?

பதில்: 12ஆம் பாறைக் கல்வெட்டை அப்படியே அனுப்புங்கள். நாவடக்கம் வேண்டும், காரணமில்லாமல் தன் மதத்தைப் புகழாதே, பிறர் மதத்தை இகழாதே, தன் மதத்தின் மேல் உள்ள பற்றால் மற்றதைத் தூற்றுபவன் தன் மதத்துக்கே அதிகக் கேடு செய்கிறான் என்று அதில் இருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டால் அப்புறம் சொல்லுங்கள், முதலில் படிக்கட்டும்.