சர்க்கரைக் கரைசலில் மின்சாரம்: கேள்வி பதில்

மின்சாரத்தால் சர்க்கரையை வேறு பொருளாக மாற்றலாம் என்று, வீட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து 9 வோல்ட் பேட்டரியை இணைத்தேன். எதுவுமே நடக்கவில்லை. ஏன் சார்?

சர்க்கரை கரையும், ஆனால் அயனிகளாகப் பிரியாது. அதனால் மின்சாரம் போக வழியில்லை. கரைந்ததும் அயனிகளாகப் பிரியும் பொருள், அதாவது ஒரு மின்பகுளி சேர்த்தாக வேண்டும். அதற்காகச் சமையல் உப்பைப் போட்டுவிடாதீர்கள், குளோரின் வரும். அப்புறம், கடைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். குளுக்கோஸில் எளிதாக ஆக்சிஜனேற்றம் அடையும் (எலக்ட்ரானை இழக்கும்) முனை அதில் ஃபிரக்டோஸோடு பிணைந்து கிடக்கிறது. குளுக்கோஸிலிருந்து தொடங்குங்கள்.

மின்முனைக்குத் தங்கம், பிளாட்டினம், செம்பு, நிக்கல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

கடைசியில் என்ன பொருள் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு குளுக்கோனிக் அமிலமாக மாற 2 எலக்ட்ரான்களை இழந்தால் போதும். முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு ஆக 24 எலக்ட்ரான்கள் போக வேண்டும். வினையைத் தொடங்குவது சுலபம், வேண்டிய படியில் நிறுத்துவதுதான் பெரும்பாடு. அதில் உலோகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

காரக் கரைசலில் தங்கம் குறைந்த மின்னழுத்தத்திலேயே குளுக்கோஸைக் குளுக்கோனேட்டாக (குளுக்கோனிக் அமிலத்தின் உப்பு) மாற்றும், பெரும்பாலும் அதோடு நின்றும்விடும். மின்னழுத்தத்தை ரொம்ப உயர்த்தினால் தங்கத்தின் மேல் ஆக்சைடு படிந்து வினை மங்கும். குளோரைடும் அதற்கு ஆகாது. பிளாட்டினம் நன்றாகத் தொடங்கும். ஆனால் சர்க்கரை சிதைந்து வரும் கார்பன் மோனாக்சைடு போன்ற துண்டுகள் பரப்பில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். செம்பும் நிக்கலும் விலை மலிவு. காரத்தில் இவற்றின் மேல் உருவாகும் ஆக்சைடு, ஹைட்ராக்சைடு அடுக்குகளே வினையை நடத்துகின்றன. ஆனால் அவை கார்பன் சங்கிலியையே வெட்டுவதால் ஃபார்மேட் (ஒரே கார்பன் கொண்ட ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) நிறைய வரும். குளுக்கோஸை அளக்கும் உணரி (சென்சார்) செய்ய இவை அருமை, குளுக்கோனேட் தயாரிக்க வேண்டுமென்றால் தலைவலி.

கால்சியம் குளுக்கோனேட்டை மின்சாரத்தில் தயாரிக்கலாமாமே, உண்மையா?

உண்மைதான், எனக்கு மிகவும் பிடித்த முறையும் அதுவே. கரைசலில் குளுக்கோஸ், கொஞ்சம் புரோமைடு, கால்சியம் கார்பனேட். நேர்மின்முனை கிராஃபைட். அங்கே புரோமைடு புரோமினாகிறது. புரோமின் குளுக்கோஸை ஆக்சிஜனேற்றி மறுபடி புரோமைடாகத் திரும்புகிறது. உருவாகும் அமிலத்தைக் கால்சியம் கார்பனேட் நடுநிலையாக்குகிறது. சர்க்கரை மின்முனையிடம் போக வேண்டிய தேவையே இல்லை, புரோமைடு தூது போய் வருகிறது. 1930-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஹொரேஸ் இஸ்பெல் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸுக்குச் சுமார் 53.6 ஆம்பியர்-மணி மின்சாரம் போதும்.

எதிர்மின்முனையில் சர்க்கரையை மாற்ற முடியாதா?

முடியும். குளுக்கோஸ் அங்கே எலக்ட்ரான்களை ஏற்றுச் சார்பிட்டால் ஆகும். சர்க்கரை இல்லாத சூயிங் கம், பற்பசையில் எல்லாம் இருப்பது இதுதான். அமெரிக்காவின் அட்லஸ் பவுடர் கம்பெனி 1937-இல் இதைத் தொழிற்சாலை அளவில் செய்தது. ஹைட்ரஜன் எளிதில் வெளியேறாத உலோகம் வேண்டும் என்பதால், பாதரசம் பூசிய ஈயத்தை மின்முனையாக வைத்தார்கள். காரத்தில் குளுக்கோஸின் ஒரு பகுதி ஃபிரக்டோஸாக மாறிவிடுவதால் சார்பிட்டாலைப் போன்ற மானிட்டாலும் கூடவே வந்தது. 1940-களில் நிக்கல் வினையூக்கியும் உயர் அழுத்த ஹைட்ரஜனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பாதரசம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

சர்க்கரை நோயாளிகளின் குளுக்கோமீட்டரும் இதே வேலைதானா, அக்காவுக்காகக் கேட்கிறேன்.

பாதி அப்படித்தான். அதில் செருகும் சோதனைப் பட்டையில் குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது ஒரு நொதி, மின்முனை அதை வாங்கி எண்ணுகிறது. நொதியைப் பயன்படுத்தும் யோசனையை 1962-இல் கிளார்க், லயன்ஸ் இருவரும் வெளியிட்டார்கள். நொதி இல்லாமல் வெறும் செம்பு மின்முனையை வைத்தால் வலுவான காரம் வேண்டும். அதோடு மற்ற சர்க்கரைகளும் வைட்டமின் சி-யும் அதில் வினைபுரியும். ரத்தத்துக்கு அது ஒத்துவராது.

கல்லூரி புராஜெக்டுக்குச் சின்னதாக ஒன்று சொல்லுங்கள் சார்.

0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், மெருகேற்றிய செம்புக் கம்பி. பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருந்தால் முதலில் குளுக்கோஸ் இல்லாமல் ஒரு வோல்ட்டாமோகிராம் (மின்னழுத்தம் மாற மாற மின்னோட்டத்தைக் காட்டும் வரைபடம்) எடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எடுங்கள். ஒப்பீட்டுக்கு வைக்கும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையோடு ஒப்பிட்டால் 0.5 வோல்ட்டுக்கு அருகே மின்னோட்டம் ஏறுவது தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். குளுக்கோஸைக் காரத்தில் முந்தின நாளே கலந்து வைக்காதீர்கள். பழுப்பேறி வேறு சர்க்கரைகளாகவும் மாறியிருக்கும், அதில் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது.