தெர்மோஸ்டாட் இருக்கா, பார்த்தீங்களா?

கேள்வி: வணக்கம் சார், என்கிட்ட 2005 மாடல் மாருதி 800 எம்பிஎஃப்ஐ இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி கோயம்புத்தூர்ல செகண்ட் ஹேண்டா வாங்கி கோத்தகிரிக்கு கொண்டு வந்தேன். இப்ப பொல்யூஷன் டெஸ்ட்ல ஃபெயில் ஆயிடுச்சு, ஸ்லிப்புல சிஓ (கார்பன் மோனாக்சைடு) 1.9, ஹெச்சி (ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல்) 310னு இருக்கு. மெக்கானிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் குழாய்ல புகையைச் சுத்தம் பண்ற பாகம்) போச்சு மாத்தணும்ங்கறாரு, செலவைக் கேட்டா தலை சுத்துது. மைலேஜும் 11 தான் தருது. மாத்தித்தான் ஆகணுமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: பொறுங்க சார், பர்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்லிப்பை ஒரு தடவை படிச்சிருவோம். உங்க வண்டிக்கு லிமிட் சிஓ 0.5 சதவீதம், ஹெச்சி 750 பிபிஎம். ஹெச்சில தாராளமா பாஸ். பிளக்கோ பிளக் ஒயரோ போயி ஒரு சிலிண்டர் மிஸ் அடிச்சா எரியாத பெட்ரோல் அப்படியே வெளிய வந்து ஹெச்சி தான் எகிறும், உங்களுக்கு சிஓ மட்டும் ஏறியிருக்கு, அப்படின்னா வண்டி ரிச்சா ஓடுது, பெட்ரோல் ஜாஸ்தி காத்து கம்மி. மைலேஜும் அதையே தான் சொல்லுது. கன்வெர்ட்டர் செத்தா சிஓ ஏறும், வாஸ்தவம் தான், ஆனா அதுக்காக மைலேஜ் 11க்கு விழாது.

என் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல, அதாவது இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வைக்கற வால்வு. நம்ம ஊர்ல பழைய வண்டி ஒரு தடவை சூடேறிட்டா போதும், "இந்த வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டி எறிஞ்சிருவாங்க. கீழ கோயம்புத்தூர்ல எப்படியோ ஓடிரும், கோத்தகிரி குளிர்ல இன்ஜின் சூடே ஏறாது, ஈசிஎம் (இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல்னு முடிவு பண்ற கம்ப்யூட்டர்) இன்னும் காலங்காத்தால ஸ்டார்ட் பண்ணின வண்டின்னே நினைச்சுக்கிட்டு பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும். டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல ஏறுதா, பாருங்க.

இன்னொரு டெஸ்ட், காலைல வண்டி ஜில்லுன்னு இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணிட்டு ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸை தொட்டுப் பாருங்க (ஃபேன் பக்கம் கை போகாம). தெர்மோஸ்டாட் இருந்தா அது ரொம்ப நேரம் ஜில்லுன்னே இருந்து, 80 சொச்சம் டிகிரில வால்வு திறந்ததும் சட்டுனு சுடும். இல்லேன்னா முதல்லேர்ந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். இல்லாம இருந்தா வாங்கிப் போடுங்க, கன்வெர்ட்டர் விலைக்கு முன்னாடி அதெல்லாம் காசே இல்ல.

அது சரியா இருந்தா கூலன்ட் டெம்பரேச்சர் சென்சர், அப்புறம் ஆக்ஸிஜன் சென்சர் (புகைல எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்குன்னு பாக்கறது), அந்த சென்சருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல எக்ஸாஸ்ட்ல லீக் இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. ஓட்டை வழியா காத்து உள்ள போனா சென்சர் ஏமாந்து இன்னும் பெட்ரோல் கேக்கும். இவ்வளவும் பார்த்த பிறகும் சிஓ இறங்கலேன்னா அப்ப கன்வெர்ட்டரைப் பத்திப் பேசலாம்.

டெஸ்ட்டுக்குப் போறப்ப இருபது நிமிஷமாவது ஓட்டிட்டுப் போங்க, க்யூல நின்னாலும் இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க. சென்சரும் கன்வெர்ட்டரும் நல்லா சூடானா தான் வேலை செய்யும்.

கேள்வி: என் பழைய கார்புரேட்டர் பைக்குக்கு ஏர் ஸ்க்ரூவை டைட் பண்ணினா சிஓ குறையும்ங்கறாங்க, நிஜமா?
- வாசகர், ஈரோடு

பதில்: ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க தம்பி. ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்தை அடைக்கும், டைட் பண்ணப் பண்ண சிஓ ஏறும், அதை லூஸ் தான் பண்ணணும். இன்ஜின் பக்கம் இருந்தா பெட்ரோலை அடைக்கும், டைட் பண்ணினா சிஓ குறையும். கால் சுத்து திருப்பிப் பாருங்க, மிஷின்ல ரீடிங் எடுங்க, அப்புறம் அடுத்த கால் சுத்து. அதுக்கு முன்னாடி சோக்கு முழுசா திரும்புதான்னு பாத்துக்குங்க, பாதிப் பேருக்கு அங்கதான் மாட்டிக்கிட்டு இருக்கும்.