சன் ஸ்டுடியோ எதிரொலியை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது?

ரிவெர்ப் (அறை முழக்கம் சேர்க்கும் எஃபெக்ட்) போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கத்தான் செய்யும். 1954-55இல் எல்விஸ் பிரெஸ்லி மெம்பிஸில் சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டுடியோவில் பாடிய பதிவுகளில் கேட்பது அறையின் முழக்கமே அல்ல; டேப் மெஷினில் ஒலியைப் பதியும் ரெக்கார்ட் ஹெட்டுக்கும் அதைத் திரும்பப் படிக்கும் பிளேபேக் ஹெட்டுக்கும் நடுவே இருந்த தூரம். இதற்கு ஸ்லாப்பேக் என்று பெயர்.

ஃபிலிப்ஸிடம் ஆம்பெக்ஸ் 350 டேப் மெஷின்கள் இரண்டு இருந்தன. ஒன்று பதிவுக்கு, மற்றது தாமதத்துக்கு. இரண்டாவதில் ரெக்கார்ட் ஹெட் பதிந்த ஒலி, டேப்போடு நகர்ந்து பிளேபேக் ஹெட்டைத் தொட்டதும் மிக்ஸருக்குத் திரும்பும். நேரடிக் குரலோடு கலந்து முதல் மெஷினில் பதியும். இடைவெளியை டேப் வேகத்தால் வகுத்தால் தாமதம் கிடைக்கும்: 2 அங்குலம், நொடிக்கு 15 அங்குலம் என்றால் 133 மில்லி விநாடி.

கணினியில் செய்வதானால் சாதாரண டிலே பிளகின் (ஒலியைத் தாமதித்துத் திருப்பும் மென்பொருள்) போதும். 130 முதல் 140 மில்லி விநாடி வையுங்கள். ஃபீட்பேக் பூஜ்யம், ஒரே ஒரு திருப்பம்தான். தாமதத்தைப் பாட்டின் வேகத்தோடு இணைக்கும் டெம்போ சிங்க்கை அணைத்துவிடுங்கள். டேப் வேகம் பாட்டுக்குப் பாட்டு மாறியதில்லை. திரும்பிவரும் ஒலியில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டுங்கள். குரலைவிட 8 முதல் 10 டெசிபெல் தாழ்வாக ஆரம்பித்துக் காதுக்கு ஏற்ப ஏற்றலாம். முக்கியமாக மோனோ: எதிரொலி குரல் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். இடம் வலமாகப் பரப்பினால் 1980கள் வந்துவிடும்!

80 மில்லி விநாடிக்குக் கீழே போனால் இரண்டு பேர் சேர்ந்து பாடுவதுபோல் தடிக்கும். 200ஐத் தாண்டினால் சொற்கள் ஒன்றோடொன்று மோதும்.

டிரம்ஸ் இருந்தால் அதற்கு இதைப் போடாதீர்கள், ஸ்நேர் தாளம் தப்பி இரண்டிரண்டாக விழும். எல்விஸின் முதல் சன் ரெக்கார்டில் டிரம்ஸே கிடையாது. பேஸ் வாசித்த பில் பிளாக் டபுள் பேஸ் தந்தியை இழுத்து விரற்பலகையில் அறைந்த 'டக்' சத்தம்தான் தாளம். ஆகவே டபுள் பேஸுக்குக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், பலன் தெரியும். கிதார் கதை வேறு: 1955இல் எல்விஸின் கிதார் கலைஞர் ஸ்காட்டி மூர், ரே பட்ஸ் செய்த எக்கோசோனிக் ஆம்ப்புக்கு மாறினார். அதன் உள்ளேயே டேப் சுற்று இருந்தது.

நிஜ டேப்பில்தான் செய்வேன் என்றால் மூன்று ஹெட் உள்ள ஸ்பூல் டெக் வேண்டும். பதிவுக்கும் பிளேபேக்குக்கும் ஒரே ஹெட் உள்ள மெஷினில் இது நடக்காது. மானிட்டர் சுவிட்ச் 'டேப்' பக்கம் இருக்கட்டும். குரலை மிக்ஸரின் ஆக்ஸ் (தனியாக வெளியே அனுப்பும் வழி) வழியே டெக்குக்கு அனுப்பி, இன்னொரு சேனலில் திரும்ப வாங்குங்கள். அந்தச் சேனலின் ஆக்ஸ் முழுக்க மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். வீட்டு டெக்குகளில் ஹெட் இடைவெளி குறைவு. 3 செ.மீ. என்றால் நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 158 மில்லி விநாடி வரும், சரி. 38இல் ஓட்டினால் 79தான், போதாது.

1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. ரெக்கார்ட் நிறுவனம் 35,000 டாலர் கொடுத்து எல்விஸின் ஒப்பந்தத்தை வாங்கியது. எதிரொலி மட்டும் கூட வரவில்லை. 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பதிந்தபோது கட்டட நடைவழியின் முழக்கத்தைப் பயன்படுத்தினார்கள். அதையும் சன்னின் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'யையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். உங்கள் ரிவெர்ப் முதல் பாட்டின் பக்கம் போகிறது, நீங்கள் தேடுவது இரண்டாவதில் இருக்கிறது.